சிடி இல்லாமல் விண்டோஸ்
பிரிக்ஃபீல்ட்ஸ் அத்தையின் மடிக்கணினி எழவே மறுத்தபோது, அவர் தேடியது கூடவே வந்திருக்க வேண்டிய விண்டோஸ் சிடியை. அப்படி ஒன்று வந்திருக்கவே வாய்ப்பில்லை. 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் கணினிகளில் உரிம எண் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. இதைச் சொல்லாமல் "ஒரிஜினல் போட்டுத் தருகிறேன்" என்று ஐம்பது ரிங்கிட் கேட்ட கடைக்காரரை என்ன சொல்வது?

விண்டோஸை மீண்டும் நிறுவுமுன், முதலில் படங்களைக் காப்பாற்ற வேண்டும். அத்தை மகளின் திருமணப் படங்கள் முழுவதும் அதில்தான் இருந்தன. விண்டோஸுக்குப் பதிலாக இயங்கும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமல் அதிலிருந்தே இயக்கினால், வன்தட்டில் உள்ளவற்றை வெளியே நகலெடுத்துவிடலாம். வன்தட்டு குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருந்தால் மட்டும் அதைத் திறக்கும் மீட்பு எண் வேண்டும். அத்தைக்கு அந்தத் தொல்லை இல்லை.

பிறகு என் கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்தைத் திறந்து, விண்டோஸ் நிறுவும் பென்டிரைவைத் தயாரிக்கும் அவர்களுடைய இலவசக் கருவியை இறக்கினேன். குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் தேவை. அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். கணினியை இயக்கியதும் எஃப் 12ஐத் தட்டி, பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தேன். சில நிறுவனங்களின் கணினிகளில் இந்தப் பொத்தான் வேறு.

உரிம எண் கேட்டால் "என்னிடம் இல்லை" என்று சொல்லலாம். ஆனால் முன்பு விண்டோஸின் ஹோம் பதிப்பு இருந்தால் ஹோம்தான். ஆசைப்பட்டு ப்ரோ பதிப்பைப் போட்டால் உரிமம் ஒட்டாது. இணையம் கிடைத்ததும் விண்டோஸின் உரிமம் தானே செயல்பாட்டுக்கு வந்தது. அத்தை உடனே கேட்டார்: "சொலிட்டேர் எங்கேப்பா?"