இடது பக்க மெனுவோடு மூன்று வாரம்

இந்தக் காலத்திலும் ஃப்ரேம்செட்டா (ஒரே பிரவுசர் ஜன்னலைத் துண்டு போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு தனிப் பக்கத்தைக் காட்டும் பழைய முறை) என்று கேட்காதீர்கள், எங்கள் கிளையன்ட் வைத்திருக்கிறார். 2014-ல் வலைப்பக்கம் எழுதும் மொழியின் புதிய தரமாக எச்டிஎம்எல் 5 வந்தபோதே அதை ஓரங்கட்டிவிட்டார்கள், ஆனாலும் பிரவுசர்கள் இன்றைக்கும் காட்டித் தொலைக்கின்றன, அதனால் மாற்ற யாருக்கும் அவசரம் இல்லை. மேலே டூல்பார், இடது பக்கம் கிளைகிளையாக விரியும் மெனு, வலது பக்கம் வேலை நடக்கும் பக்கம், மூன்றும் தனித்தனி ஃப்ரேம்.

நான் பெங்களூரு மடிவாளாவில் பிஜியில் இருந்துகொண்டு இதைப் பார்க்கிறேன், பயன்படுத்துகிறவர்கள் ஓசூரில் ஒரு கிடங்கில் இருக்கிறார்கள். அங்கே பில் போடும் அக்காதான் முதலில் போன் செய்தார்: "தம்பி, நான் இன்வாய்ஸ்ல நிக்கிறேன், இது இன்னும் ஆர்டர்னே சொல்லுது." விஷயம் அவ்வளவுதான். வலது பக்கத்தில் ஒரு லிங்க்கைத் தட்டி வேறு பக்கம் போனால் மெனுவுக்குத் தெரியாது, பழைய இடத்தையே மஞ்சளாகக் காட்டிக்கொண்டிருக்கும்.

பழைய கோடில் இதற்கு ஒரு வைத்தியம் ஏற்கெனவே இருந்தது. சேவ் பட்டனை அழுத்தியதும் மெனு ஃப்ரேம் முழுவதையும் ரீலோட் செய்துவிடும். விரித்து வைத்த கிளையெல்லாம் சுருங்கி, ஸ்க்ரோல் மேலே போய்விடும். அதைவிடக் கொடுமை, சர்வர் சேமித்து முடிப்பதற்குள் மெனு முந்திக்கொண்டு நிலுவை எண்ணிக்கையைக் கேட்டுவிடும், 11 என்று வரவேண்டிய இடத்தில் பழைய 12-ஏ நிற்கும்.

சரி, ரீலோட் வேண்டாம் என்று மெனு ஃப்ரேமில் ஒரு ஃபங்ஷன் எழுதி, வலது பக்கத்திலிருந்து நேராக அதைக் கூப்பிட்டேன். என் மெஷினில் அருமை. ஓசூரில் காலையில் லாகின் செய்யும்போது நெட் மந்தம், வலது பக்கம் முதலில் வந்துவிட்டது, மெனு இன்னும் வரவில்லை, இல்லாத ஃபங்ஷனைக் கூப்பிட்டு எரர். ஃப்ரேம்கள் எந்த வரிசையில் வரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. அரை நொடி காத்திருந்து கூப்பிடும்படி டைம்அவுட் போட்டேன் (போட்டேன்தான், மறைக்கவில்லை), டீம் சீனியர் அண்ணா ரிவ்யூவில் அந்த வரியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார்.

அடுத்து பிராட்காஸ்ட் சேனல், பக்கங்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்ல பிரவுசரே தரும் பொது அலைவரிசை. யாரும் யாரையும் தேட வேண்டாம், கத்தினால் போதும், கேட்க வேண்டியவன் கேட்டுக்கொள்வான். இரண்டு நாள் ரொம்பப் பெருமையாக இருந்தேன். அக்கா எப்போதும் இரண்டு டேப் திறந்து வைத்து ஒன்றில் ஆர்டரும் இன்னொன்றில் ஸ்டாக்கும் பார்ப்பவர் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அந்தச் சேனல் ஒரே ஆரிஜினில் (அதாவது ஒரே தள முகவரியில்) திறந்திருக்கும் எல்லா டேப்புக்கும் கேட்கும். இங்கே தட்டினால் அங்கே மெனு குதித்தது. ரிப்போர்ட் பக்கங்கள் வேறு சப்டொமைனில், அதாவது வேறு ஆரிஜினில், இருப்பதால் அங்கிருந்து கத்தியது மட்டும் யாருக்குமே கேட்கவில்லை.

கடைசியில் நிலைத்தது இதுதான். ஃப்ரேம்கள் தங்களுக்குள் பேசக் கூடாது, எல்லாம் மூன்று ஃப்ரேமையும் தாங்கி நிற்கும் தாய்ப் பக்கம் வழியாகத்தான். வலது பக்கம் லோட் ஆனதும் "நான் இன்வாய்ஸ்" என்று தாய்ப் பக்கத்துக்கு போஸ்ட்மெசேஜ் (ஒரு பக்கம் இன்னொன்றுக்குக் குறிப்பிட்டு அனுப்பும் செய்தி) அனுப்பும், தாய்ப் பக்கம் அதைக் குறித்து வைத்துக்கொண்டு மெனுவுக்குச் சொல்லும். மெனு தாமதமாக வந்தால் "வந்துவிட்டேன்" என்று அது சொல்ல, கடைசியாகக் குறித்ததைத் தாய்ப் பக்கம் திரும்ப அனுப்பும். மெனு அந்தக் கிளையை விரித்து மஞ்சளை மட்டும் மாற்றும். எண்ணிக்கையை, சேமித்தாயிற்று என்று சர்வர் பதில் சொன்ன பிறகே தனியாகக் கேட்கும். பேக் பட்டனுக்கென்று எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை, முந்தைய பக்கம் மறுபடி லோட் ஆகும்போது தானே பெயர் சொல்லிவிடுகிறது.

அனுப்பும் இடத்தில், யாருக்குப் போக வேண்டும் என்று ஆரிஜினைச் சொல்வதற்குப் பதில் 'யாராக இருந்தாலும் சரி' என்று பொருள்படும் நட்சத்திரக் குறி போட்டிருந்தேன், அதையும் அண்ணாதான் பிடித்தார். "யார் வேணும்னாலும் கேட்டுக்கட்டும்னு மைக்ல சொல்றியா?" இப்போது வாங்கும் பக்கத்திலும் அனுமதித்த இரண்டு ஆரிஜின்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே செய்தியைத் தொடுகிறோம்.

மெனு பற்றி அப்புறம் போன் வரவில்லை. நேற்று சில்க் போர்டு சிக்னலில் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அக்கா மறுபடி கூப்பிட்டார். மெனுவில் தட்டிவிட்டு அப்படியே கன்ட்ரோல் பி அழுத்தியிருக்கிறார், இன்வாய்ஸுக்குப் பதில் மெனு பிரிண்ட் ஆகி வந்திருக்கிறது, நான்கு காப்பி.