‘ஆட்’ என்ற ஒரு சொல்

சில ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது வேலை பார்த்த இடத்தில், மூன்றாவது மாடியில் பொருத்திய புதிய கேமராக்களுக்காக ஒரு ஸ்விட்சின் டிரங்க் போர்ட்டில் வீலான் 30-ஐச் சேர்க்க வேண்டியிருந்தது. ஸ்விட்ச் என்பது கருவிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி, வீலான் என்பது அதற்குள் தனியாகப் பிரித்து வைத்த ஒரு நெட்வொர்க், டிரங்க் என்பது பல வீலான்களை ஒன்றாகச் சுமக்கும் இணைப்பு. பரவலாகப் புழங்கும் ஸ்விட்சுகளில், ‘டிரங்க் அலவ்டு வீலான்’ என்பதற்குப் பின் ‘ஆட்’ (add, சேர்) என்று அடித்தால் ஏற்கெனவே உள்ள பட்டியலோடு 30 சேரும். அந்தச் சொல்லை விட்டுவிட்டால் பழைய பட்டியல் அழிந்து 30 மட்டும் மிஞ்சும். நான் விட்டுவிட்டேன். அந்த மாடியின் தொலைபேசிகளும் கணினிகளும் ஒருசேரத் துண்டிக்கப்பட்டன. ஸ்விட்சை நிர்வகிக்கும் வீலானும் அதே டிரங்க் வழியாகவே சென்றதால் தொலைவிலிருந்து அதற்குள் நுழைந்திருந்த என் எஸ்எஸ்ஹெச் இணைப்பும் போய்விட, ஸ்விட்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளை எடுத்துக்கொண்டு படியேறி ஓடினேன். ஸ்விட்ச் எந்தப் பிழைச் செய்தியும் காட்டவில்லை, ஏனென்றால் இலக்கணப்படி அது சரியான கட்டளை.

கட்டளை வரியின் இந்த இயல்பு வல்லுநர்களுக்குப் புதிதல்ல. 2002-ஆம் ஆண்டு இணையக் கட்டமைப்பு வாரியம் நடத்திய பட்டறையில் நெட்வொர்க்குகளை நடத்துபவர்கள் சொன்னவை, மறு ஆண்டு ஆர்எஃப்சி 3535 என்ற ஆவணமாக வெளிவந்தன. கான்ஃபிக் தரவும் (கருவிக்கு நாம் இடும் அமைப்புகள்) இயங்குநிலைத் தரவும் (அது இயங்கும்போது காட்டும் நிலை) தெளிவாகப் பிரிந்திருக்க வேண்டும், கருவிகளைத் தனித்தனியாக அல்லாமல் நெட்வொர்க் முழுவதையும் ஒன்றாகக் கருதிக் கட்டமைக்க வழி வேண்டும் என்பவை அவர்கள் கேட்டவற்றுள் முக்கியமானவை. அதைத் தொடர்ந்து நிரல் வழியாகக் கருவிகளைக் கட்டமைக்க உதவும் நெட்கான்ஃப் 2006-இல், அந்தத் தரவின் வடிவத்தை வரையறுக்கும் யாங் மொழி 2010-இல், அதே வேலையை வலைத்தளங்கள் பயன்படுத்தும் எச்டிடிபி வழியாகச் செய்யும் ரெஸ்ட்கான்ஃப் 2017-இல் தரநிலைகளாயின.

இப்படி நிரல்கள் கருவியோடு பேசும் வழியான ஏபிஐ என்றதும் பலர் வேகத்தையே பேசுகிறார்கள். என்னை ஈர்த்தது வேறு. நெட்கான்ஃபில் ஒரு பட்டியலை அனுப்பும்போது, இருப்பதோடு இணைப்பதா, இருப்பதை அகற்றிவிட்டு இதை வைப்பதா என்பதற்குத் தனித்தனிப் பெயருள்ள செயல்கள் உண்டு. ரெஸ்ட்கான்ஃபில் ‘பேட்ச்’ இணைக்கும், ‘புட்’ மாற்றி வைக்கும். கருவி இடம்கொடுத்தால், மாற்றங்களை முதலில் ஒரு வரைவுக் கான்ஃபிக்கில் எழுதிச் சரிபார்த்த பிறகே நடைமுறைக்குக் கொண்டுவரலாம். அதையும் உறுதிசெய்யும்வரை தற்காலிகமாக வைத்திருக்கலாம்: குறித்த நேரத்துக்குள், வேறு நேரம் சொல்லாவிட்டால் 600 விநாடிகளுக்குள், உறுதிச் செய்தி வராவிட்டால் கருவி தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அன்று எனக்கு இது வாய்த்திருந்தால், கேபிளைத் தேடுவதற்குள் அந்த மாடி மீண்டிருக்கும்.

ஆனாலும், ஒரு ஸ்விட்சில் நிகழும் பிழையைத் தானியக்கம் ஒரே நொடியில் நூறு ஸ்விட்சுகளில் செய்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் பல மணி நேரம் முடங்கியது, பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அதன் முதுகெலும்பு நெட்வொர்க்கின் இணைப்புகள் அனைத்தையும் துண்டித்ததால்தான். இத்தகைய கட்டளைகளைத் தடுப்பதற்கென்றே இருந்த சோதனைக் கருவியிலும் ஒரு பிழை இருந்ததால் அது நழுவிவிட்டது.

ஆகவே நான் எழுதும் பைத்தான் நிரல்கள் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மாற்றுவதில்லை. முதலில் ஒரு ஸ்விட்ச். அது நலமாக இருப்பதைக் கண்ட பிறகு ஒரு மாடி. அதன் பின்னரே மற்றவை. எந்தப் போர்ட்டில் எந்த வீலான் இருக்க வேண்டும் என்பது நெட்பாக்ஸ் என்ற நெட்வொர்க் பதிவேட்டு மென்பொருளில் மட்டுமே பதிவாகிறது, நிரல் இரவுதோறும் அந்தப் பதிவையும் ஸ்விட்சுகளின் உண்மையான கான்ஃபிக்கையும் ஒப்பிட்டு வேறுபட்ட வரிகளை எனக்கு அனுப்புகிறது.

நேற்றிரவு அப்படி ஒரு வரி வந்தது: இரண்டாவது மாடி டிரங்கில் பதிவில் இல்லாத வீலான் 40. இத்தகையவற்றை நிரலே நீக்கிவிடும்படி வைக்கலாம், நான் வைக்கவில்லை. காலையில் விசாரித்தபோது, இரவுப் பணியிலிருந்த சக ஊழியர் ஒரு புதிய பிரிண்டருக்காக அவசரமாகச் சேர்த்தது என்று தெரிந்தது. பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. வீலான் 40-ஐ நெட்பாக்ஸில் பதிந்தேன்.