காது மடல மடக்கிப் பாருங்க

இத படிக்கிறப்பவே ஒரு தடவ உங்க காது மடல முன்னாடி மடக்கி விட்டுப் பாருங்க, டபக்குனு பழைய இடத்துக்கே வந்துரும். மூக்கு நுனியும் திரும்பும், ஆனா அது வேற மாதிரி. விலா எலும்பு நெஞ்சுல வந்து சேர்ற இடமோ அமுக்குனாலும் லேசுல அசையாது. மூணுமே குருத்தெலும்புதான்! காதுல எலாஸ்டின்ங்கிற ரப்பர் மாதிரி நார் நிறைய, அதான் அந்தத் துள்ளல்.

லேப்ல நாள் பூரா குருத்தெலும்பு சாம்பிள அமுக்குறதுதான் நம்ம பொழப்பு. அமுக்கி அப்படியே புடிச்சு வச்சா ஃபோர்ஸ் முதல்ல எகிறும், அப்புறம் மெதுவா இறங்கிட்டே வரும், ஏன்னா இதுல முக்கால்வாசி தண்ணி, கொலாஜன்ங்கிற புரத நார் வலைக்குள்ள புரோட்டியோகிளைக்கான்ங்கிற தண்ணி புடிக்கிற மூலக்கூறு அத இழுத்துப் புடிச்சு வச்சிருக்கு, வெளிய வரணும்னா பொடிப்பொடி சந்து வழியா கசிஞ்சுதான் வரணும். அதனால "எவ்ளோ கெட்டி, ஒரே நம்பர் சொல்லு"ன்னு யாராச்சும் கேட்டா எனக்கு கடுப்பாகும். வேகமா அமுக்குனா ஒரு நம்பர், நிதானமா அமுக்குனா வேற நம்பர். ஒரு தடவ சலைன் ஊத்த மறந்துட்டு டீ குடிக்கப் போயிட்டேன், வந்து பாத்தா துண்டு காஞ்சு மஞ்சளா சுருங்கிக் கெடக்கு, அன்னைக்கு எடுத்த ரீடிங் பூரா குப்பை.

1997ல முதுகுல காது வச்ச எலி போட்டோ வந்துச்சே, ஞாபகம் இருக்கா? மரபணு மாத்துன எலின்னு பல பேர் இன்னும் நம்புறாங்க, அதெல்லாம் இல்ல. காது ஷேப்ல செஞ்ச, தானா கரையுற பாலிமர் வலைல மாட்டோட குருத்தெலும்பு செல்ல விட்டு தோலுக்கு அடியில வச்சாங்க, அவ்ளோதான். யாரும் கவனிக்காத விஷயம், முதல் 4 வாரம் வெளிய ஒரு தாங்கி வச்சிருந்தாங்க. ஷேப் கொண்டு வர்றது ஒரு வேலைன்னா, மேல தோல் இறுக்குறப்ப அது நசுங்காம நிக்கிறது வேற வேலைங்க. அதுக்குன்னு ரொம்ப கெட்டியா போனாலும் வம்பு, பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்ல செஞ்சு வச்ச காது சில பேருக்கு தோல அரிச்சுட்டு வெளிய எட்டிப் பாக்கும்.

விலா குருத்தெலும்ப எடுத்து காது மாதிரி செதுக்கி வைக்கலாம்தான், டாக்டர்கள் இன்னைக்கும் அதான் பண்றாங்க. ஆனா ஒரு பக்கம் மட்டும் அந்தக் குருத்தெலும்போட மேல் அடுக்க சீவுனா துண்டு கொஞ்ச நேரத்துல வளைஞ்சிரும், உள்ள பூட்டி வச்ச இழுவிசை அப்படி. ரெண்டு பக்கமும் சமமா சீவணும்னு கிப்சன், டேவிஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1958லயே எழுதிட்டாங்க.

நாங்க லேப்ல செல்ல வச்சு வளர்க்குற குருத்தெலும்புல புரோட்டியோகிளைக்கான் சீக்கிரமே சேர்ந்துருது, கொலாஜன்தான் பின்தங்கி நிக்குது, அமுக்குனா தாங்கும், இழுத்தா கிழியும். நேத்து ஒரு துண்ட ஃபோர்செப்ஸ்ல புடிச்சு காது மடல் மாதிரி மடக்கி விட்டேன். பாதி திரும்புச்சு. மடிச்ச கோடு அப்படியே நின்னுச்சு.