கல்லூரிக்கே போகாத கல்லூரி நாவல்

ஜூன் 21, சனி

சித்தப்பா மகளுக்குக் கலந்தாய்வில் பி.எஸ்சி. கணிதம் கிடைத்துவிட்டது, சேலத்திலேயே. ஏற்காடு மலைமேல் நாகலூரில் அவர்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் இவள்தான். போனில் எல்லாம் பேசி முடித்துவிட்டு, "காலேஜ்ல புதுசா சேர்றத பத்தி கதப் புத்தகம் ஏதாவது இருந்தா குடுக்கா, இங்கிலீஷா இருந்தாலும் பரவால்ல, பழகிக்கறேன்" என்றாள். பின்னட்டையில் முதல் வருடம், புது உலகம் என்று அளந்துவிட்டிருந்த ஒரு அமெரிக்க இளையோர் நாவலை வாங்கி வைத்திருக்கிறேன். பேரைச் சொல்லப் போவதில்லை. கொடுப்பதற்கு முன்னால் நான் ஒரு தடவை படித்துவிடலாம் என்று எண்ணம்.

ஜூன் 24, செவ்வாய்

நூறு பக்கம் தாண்டியும் ஒரு வகுப்பு நடக்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் அப்பா காரில் கொண்டுவந்து விடுகிறார், விடுதி அறை, அறைத்தோழி, அடுத்த பக்கமே கிடார் வைத்திருக்கும் ஒருவன். அவ்வளவுதான், கதை அவன் பின்னாலேயே போய்விட்டது. இத்தனைக்கும் எழுத எவ்வளவு இருக்கிறது! அங்கே பெரும்பாலான கல்லூரிகளில் சேரும்போதே முதன்மைப் பாடத்தை முடிவு செய்ய வேண்டியதில்லை, இரண்டாம் வருடக் கடைசிவரை விட்டுவைக்கலாம். நமக்கு அதை கட் ஆஃப் மார்க்கே முடிவு செய்துவிடும். பதினெட்டு வயதில் எதை வேண்டுமானாலும் படி என்று அவிழ்த்துவிட்டால் ஒரு பெண் எப்படித் திண்டாடுவாள், அதுதானே கதை? ஆசிரியர் அதை ஒரு பத்தியில் தாண்டிவிட்டார். கல்விக்கடன் இரண்டு இடத்தில் வருகிறது, ஆனால் நாயகி தினமும் கடையில்தான் காபி குடிக்கிறாள்.

ஜூன் 27, வெள்ளி

லீவு போட்டுவிட்டு ஏற்காடு போனேன். புத்தகத்தைக் கையில் வைத்திருந்தும் இருபது கொண்டை ஊசி வளைவில் எங்கே படிப்பது, தலை சுற்றிவிடும்.

சித்தி சமையலறைத் தரையில் பாய் விரித்து சர்டிபிகேட்டை எல்லாம் பரப்பி வைத்திருந்தார். டிசி, பத்தாவது பன்னிரண்டாவது மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஆதார், எல்லாத்துக்கும் ஜெராக்ஸ். பேங்க் பாஸ்புக் தனியாக ஒரு மஞ்சள் பையில், ஏனென்றால் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அந்தக் கணக்கில்தான் வரும். சித்தப்பா பெயர் ஒன்றில் குறில், இன்னொன்றில் நெடில். அதற்கு ஒரு அலுவலகத்தில் நாளைக்கு வா, நாளைக்கு வா என்று அலையவிட்டிருக்கிறார்கள். சித்தி அந்த இரண்டு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார், அப்படிப் பார்த்தால் எழுத்து மாறிவிடும் என்பதுபோல.

நாவலில் அந்தப் பெண் கல்லூரியில் எப்படி இடம் வாங்கினாள் என்று ஒரு வரி இல்லை. அங்கே மட்டும் சும்மாவா கிடைக்கிறது? அரசின் நிதியுதவிக்குப் பெற்றோர் வருமானம் வரை எழுதிக் கொடுக்க வேண்டும், பல இடங்களில் விண்ணப்பத்தோடு கட்டுரையும் கேட்பார்கள். அவள் அம்மா ஒரு படிவத்தையாவது தொட்டுப் பார்த்திருப்பாளா?

ஜூலை 2, புதன்

முடித்துவிட்டேன். ஒன்பதாம் அத்தியாயம் மட்டும் நன்றாக இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. முதல் வெள்ளிக்கிழமை ராத்திரி, அறைத்தோழி வெளியே போய்விட்டாள், நாயகி சாப்பாட்டுக் கூடத்தில் தனியாகத் தட்டோடு உட்கார்ந்து யாரோ மெசேஜ் அனுப்புவதுபோலப் போனைத் தள்ளிக்கொண்டிருக்கிறாள். அம்மா கூப்பிடுகிறாள். சுற்றி ஒரே கூட்டம் அம்மா, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாள். விடுதியில் இருந்த யாருக்கும் இந்தப் பொய் தெரியும். நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தைத் திருப்பினால் மறுபடி கிடார்.

கடைசியில் நவம்பர் நான்காவது வியாழன், அவர்களுடைய நன்றி நவிலல் நாள், எல்லோரும் சேர்ந்து சாப்பிட, சுபம். செமஸ்டர் பரீட்சை டிசம்பரில். பரீட்சை வருவதற்குள் நாவலை முடித்துவிட்டார் புண்ணியவான்!

ஜூலை 6, ஞாயிறு

வந்திருந்தாள். முதல் வாரம் முழுக்க பிரிட்ஜ் கோர்ஸ்தானாம், பள்ளியிலிருந்து கல்லூரிப் பாடத்துக்குப் பழக்கும் வகுப்பு. தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள் கை தூக்குங்கள் என்றபோது முக்கால்வாசி கை ஏறியதில் இவளுக்குப் பாதி பயம் போய்விட்டது. ஓமலூர்ப் பெண் ஒருத்தி பக்கத்தில், இன்டர்வெலில் இரண்டு பேரும் தட்டுவடை செட் வாங்கித் தின்றிருக்கிறார்கள். காலையில் மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸைத் தவறவிட்டால் முதல் பீரியட் போச்சு, அதனால் விடுதிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

புத்தகத்தை எடுத்து அங்கங்கே புரட்டிப் பார்த்தாள். "ஏக்கா, இவ எப்பதான் கிளாஸுக்குப் போவா?"

போகவே மாட்டாள், ஒன்பதாம் அத்தியாயத்தை மட்டும் படி என்றேன். சரி என்று பைக்குள் போட்டுக்கொண்டு, விடுதிப் படிவத்தில் உள்ளூர் கார்டியன் என்று இருந்த இடத்தைக் காட்டி என்னிடம் கையெழுத்து கேட்டாள்.