பனை ஈர்க்கால் நேரம் திருத்திய டைவர் வாட்ச்

ஒரு வழியாக வாட்ச் படிந்துவிட்டது. ஞாயிறன்று கைபேசி நேரத்தோடு சரிசெய்தால், அடுத்த ஞாயிறு வரை வித்தியாசம் விரல்விட்டு எண்ணும் நொடிகளைத் தாண்டுவதில்லை. புதிதில் நாளொன்றுக்குப் பதினைந்து நொடிக்குக் குறையாமல் முந்திக்கொண்டிருந்த வாட்ச் இது. திறந்து திருத்தியது நானே, பாளையங்கோட்டையில் என் வீட்டு மேசையில். திருத்த உதவியது ஒரு பனை ஈர்க்கு. அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

வாட்ச்சைப் பற்றிச் சுருக்கமாக. நீரில் மூழ்குவோருக்கான 200 மீட்டர் டைவர், திருகிப் பூட்டும் சாவிக் குமிழ், 120 கிளிக் பெசல் (கண்ணாடியைச் சுற்றித் திருப்பக்கூடிய வளையம்), 22 மில்லிமீட்டர் வார். உள்ளே சீகோவின் என்ஹெச்35 இயந்திரம்: 24 கல், மணிக்கு 21,600 அடி (துடிப்பு), முழுச் சாவிக்கு 41 மணி நேர ஓட்டம். சிறிய நிறுவனம் ஒன்று இந்த இயந்திரத்தை வாங்கித் தன் கூட்டில் பூட்டி விற்கிறது. சீகோ 1965-ல் வெளியிட்ட தன் முதல் டைவருக்கு 150 மீட்டர்தான் குறித்திருந்தது. இன்று 200 மீட்டர் என்பது ஒரு சாதாரணக் கைபேசியின் விலைக்குக் கிடைக்கிறது. கண்ணாடி சஃபையர், வகுப்பில் கரும்பலகையோடு உரசியும் கீறல் விழவில்லை. ஒளிப்பூச்சு விடியும் வரை முள்ளைக் காட்டுகிறது. செயின் தரமானதுதான், ஆனால் நம் ஊர் வெயிலில் அதன் கண்ணிகளுக்குள் வியர்வை உப்புப் பூத்துவிடுகிறது. கழற்றி வைத்துவிட்டு நைலான் வார் போட்டுக்கொண்டேன்.

பெசல் மட்டும் மனத்தை உறுத்துகிறது. முக்கோணக் குறி பன்னிரண்டுக்கு நேராக நிற்காமல் அரைக் கிளிக் தள்ளி நிற்கிறது. விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. எந்த அளவு, யார் அனுமதித்தது என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. ஒரு கிளிக் அரை நிமிடம் என்றால், அரைக் கிளிக் பதினைந்து நொடி. நீருக்கடியில் இருக்கும் நேரத்தை அளப்பதற்கென்றே வைத்த வளையம் அது. அதில் பதினைந்து நொடி பிசகுவதைச் சிறிய விஷயம் என்று ஒருவர் சொல்லக் கூடாது. நான் அந்த வளையத்தை உண்மையாகவே பயன்படுத்துகிறேன். பொதுத்தேர்வு அறையில் வினாத்தாள் படிக்கப் பத்து நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிடம், பிறகு எழுத மூன்று மணி நேரம். அங்கே பெசலைத் திருப்பி வைத்துக்கொள்வதைப் போல வசதி வேறெதிலும் இல்லை.

இனி நேரத்துக்கு வருகிறேன். கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் வாட்ச் என்றதும் நாளுக்கு எத்தனை நொடி என்ற ஓர் எண்ணைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அந்த ஒற்றை எண்ணில் நம்பிக்கை இல்லை. தினமும் +15 என்று ஒரே சீராக ஓடுகிற வாட்ச் நல்ல வாட்ச். இன்று +2, நாளை −9, மறுநாள் +12 என்று அலைகிற வாட்ச்சின் சராசரி பார்க்க அழகாக இருக்கும்; அதை நம்பி பஸ்ஸுக்குப் புறப்பட முடியாது. என்ஹெச்35-க்குக் குறிக்கப்பட்டிருக்கும் எல்லை நாளுக்கு −20 முதல் +40 நொடி வரை. ஆகவே +15 என்பதில் புகார் சொல்ல எதுவும் இல்லை. சீர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருந்தால் மிச்சத்தை, ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்க உள்ளே இருக்கும் சிறு கையான ரெகுலேட்டர் பார்த்துக்கொள்ளும்.

55 சுற்று சாவி கொடுத்து, அரை மணி நேரம் ஓடவிட்டு, டிக் ஒலியை மைக்கில் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபரில் ஏற்றினேன். லிஃப்ட் ஆங்கிளை (இயந்திரத்துக்கேற்பக் கருவிக்குக் கொடுக்க வேண்டிய கோணம்) 53-க்கு மாற்ற மறக்க வேண்டாம். கருவி 52-ல் வருகிறது. அப்படியே விட்டால் வீச்சை, அதாவது உள்ளே முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் ஆட்டக் கோணத்தை, கிட்டத்தட்ட ஐந்து டிகிரி குறைத்துக் காட்டும். கிடைத்த எண்கள்: முகப்பு மேலே +16, முகப்பு கீழே +19, குமிழ் மேலே +21, குமிழ் கீழே +6, பன்னிரண்டு மேலே +11, ஆறு மேலே +14. வீச்சு படுக்கையில் 272 டிகிரி, நிற்கையில் 240. பீட் எரர் (டிக், டாக் இரண்டுக்கும் இடையிலான சமமின்மை) 0.6 மில்லிநொடி. மறுநாள் சாவி பாதிக்கு மேல் இறங்கிய பிறகு அதே ஆறு நிலைகளிலும் வைத்துப் பார்த்தேன். எந்த எண்ணும் மூன்று நொடிக்கு மேல் நகரவில்லை. அந்த இடத்திலேயே இந்த வாட்ச் தேறிவிட்டது என்று முடிவு செய்தேன். இந்த விலையில் இப்படி ஒரு சீரான ஓட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

குமிழ் மேலே +21, கீழே +6 என்ற பதினைந்து நொடி இடைவெளி ரெகுலேட்டரால் குறையாது. அது ஆறு எண்களையும் ஒன்றாக ஏற்றும், ஒன்றாக இறக்கும், அவ்வளவுதான். எனக்குத் தேவைப்பட்டது எல்லாவற்றையும் பன்னிரண்டு நொடி கீழே இறக்குவது. கணக்கைப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 5,18,400 அடிகள். பன்னிரண்டு நொடி என்பது அதில் வெறும் 72 அடி. அந்த 72 அடிக்காக ரெகுலேட்டர் கையை நகர்த்த வேண்டிய தூரம் கண்ணுக்கே தெரியாது. கை நகர்ந்ததா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

எஃகுச் சாமணத்தின் நுனி இங்கே ஆபத்து. வழுக்கினால் நேராக, பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கில் போய் விழும். போதாததற்குப் பெரும்பாலான சாமணங்களில் காந்தம் ஏறியிருக்கும். கைபேசியின் திசைகாட்டிக்கு அருகில் கொண்டுபோனாலே தெரிந்துவிடும். பல்குத்தும் குச்சியின் நுனி சீக்கிரம் மழுங்கிவிடுகிறது. பித்தளை முனை பரவாயில்லை, ஆனால் அதில் நெகிழ்வே கிடையாது. கை நடுங்கினால் நடுக்கம் முழுவதும் ரெகுலேட்டருக்குப் போய்ச் சேர்கிறது.

திசையன்விளையில் ஓலைப்பெட்டி முடையும் என் அத்தையிடம் போனபோது, கழித்துப் போட்ட ஈர்க்குகளைப் பார்த்ததும் இது தோன்றியது. குருத்தோலை ஈர்க்கு வேண்டாம், வளைந்துவிடும், சாரோலை ஈர்க்குதான் விறைப்பாக நிற்கும் என்று அத்தையே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். அதை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, நிழலில் காயவைத்து, பிளேடால் இழைத்தேன். நுனியைக் கூராக்கக் கூடாது. சரிவாக வெட்டி, மிக நைசான எமரித் தாளில் தேய்த்து, தட்டையாக விட வேண்டும். பிறகு லென்ஸில் பார்த்து, நார்ப் பிசிறு ஒன்றுகூட இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஒரு பிசிறு உள்ளே விழுந்தாலும் பேலன்ஸ் சக்கரம் நின்றுவிடும். ஸ்பிரிட்டில் துடைத்து உலர்த்தினால் கருவி தயார். காந்தம் இல்லை, விறைப்பு உண்டு, நெகிழ்வும் உண்டு. இதை விடப் பொருத்தமான ஒன்றை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை.

வேலைக்கு உட்கார வேண்டியது விடியற்காலையில். மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். நம் ஊரில் எட்டு மணிக்குப் பிறகு விசிறி இல்லாமல் குனிந்தால் நெற்றி வியர்வை இயந்திரத்துக்குள் சொட்டும். ஆனி, ஆடிக் காற்று அடிக்கும்போது ஜன்னலைச் சாத்தினாலும் புழுதி உள்ளே வரும், அந்த மாதங்களில் பின்மூடியைத் திறக்கவே வேண்டாம்.

வாட்ச்சை முகப்புக் கீழாக மைக்கின்மேல் பொருத்தி, முழங்கை இரண்டையும் மேசையில் ஊன்றி, ஈர்க்கின் தட்டை நுனியை ரெகுலேட்டர் கையின் பக்கவாட்டில் வைத்தேன். தள்ளக் கூடாது. சாய்க்க வேண்டும். ஈர்க்கை ஒட்டி வைத்து மெல்லச் சாய்த்தால் ஈர்க்கு லேசாக வில்போல் வளைகிறது. அந்த வளைவே கையை நகர்த்திக்கொள்கிறது. நம் கை நடுங்கினாலும் நடுக்கத்தை ஈர்க்கு விழுங்கிவிடுகிறது. எடுத்துவிட்டு, திரையில் கோடு நிலைக்கும் வரை காத்திருக்க வேண்டும். +19 முதலில் +13-க்கு இறங்கியது. மீண்டும் சாய்த்ததில் +7.

இதில் முக்கியமான ஒன்று. ரெகுலேட்டர் கைக்குப் பக்கத்திலேயே ஹேர் ஸ்பிரிங்கின் வெளிமுனையைத் தாங்கும் இன்னொரு கை இருக்கிறது. ஒன்றை நகர்த்தும்போது மற்றதும் சேர்ந்து இழுபடலாம். அதனால் என் கண் நொடிக் கணக்கை விடப் பீட் எரரின் மேல்தான் அதிகம் இருந்தது. 0.6 அப்படியே நின்றால் சரியான கைதான் நகர்கிறது என்று பொருள். அது 0.9, 1.1 என்று ஏற ஆரம்பித்தால் உடனே ஈர்க்கை எடுத்துவிட வேண்டும். எனக்கு 0.6 கடைசி வரை அசையவில்லை. அந்தக் காலைப்பொழுதின் திருப்தியை எழுத்தில் கொண்டுவர முடியாது.

இப்போது முகப்பு மேலே +4, குமிழ் மேலே +9, குமிழ் கீழே −6. மற்றவை இவற்றுக்கு இடையில். இடது கையில் கட்டுகிறேன். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது குமிழ் கீழ்நோக்கும். வகுப்பில் நின்றே பாடம் நடத்துவதால் பகலில் கொஞ்சம் இழக்கிறது. இரவில் முகப்பு மேலாக வைத்தால் இழந்ததை மீட்கிறது. எப்போதாவது பின்தங்கிவிட்டால் ஓர் இரவு குமிழ் மேலாக நிறுத்தி வைக்கிறேன். எட்டு மணி நேரத்தில் மூன்று நொடி திரும்பி வந்துவிடும். குமிழைத் திருகிக் கழற்றாமலே நேரம் திருத்த இதுதான் வழி. திருகுமரை தேயாமல் இருப்பது கூடுதல் லாபம். விடுமுறை நாட்களில் கை அதிகம் அசைவதில்லை, சாவி ஏறுவது குறைகிறது. அன்று காலையில் பத்து இருபது சுற்று கொடுத்துவிடுகிறேன்.

நெல்லை சந்திப்பில் நான் வழக்கமாகப் போகும் வாட்ச் கடை அண்ணாச்சியிடம் எண்களைக் காட்டினேன். 1961-ல் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு பெங்களூருவில் தொடங்கிய எச்எம்டி வாட்ச்சுகளைப் பழுது பார்த்தே தொழில் கற்றவர். ஜனதா என்ற எச்எம்டி மாடலுக்கான உதிரிப் பாகங்களைத் தகர டப்பாக்களில் இன்னும் பாதுகாத்து வைத்திருக்கிறார். ரெகுலேட்டர் வேலையைப் பார்த்துத் தலையசைத்தவர், பின்மூடியைத் திருப்பிப் பார்த்ததும் முகம் மாறினார். “தம்பி, திறந்தால் வாஷரை மாற்றிவிட வேண்டும். நம் ஊர் வியர்வைக்கு ரப்பர் அதிக நாள் உழைக்காது” என்றார். அந்த அளவு வாஷர் அவரிடம் இல்லை. சிலிகான் கிரீஸ் மட்டும் ஒரு துளி தடவிக் கொடுத்து, அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். (அவரிடம் தூசி படிந்த ஓர் எச்எம்டி ஆட்டோமேட்டிக் கிடக்கிறது. விலை பேசிக்கொண்டிருக்கிறேன். இணையத்தில் மறுபூச்சு முகப்போடு பளபளக்கும் பழைய வாட்ச்சுகளை விட, அழுக்கேறிய அசல் முகப்பு எவ்வளவோ மேல்.)

ஆகவே வாட்ச் இன்னும் தண்ணீருக்குத் தயாரில்லை. டைவர் வாட்ச்சுக்கான ஐஎஸ்ஓ 6425 விதியில் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வாட்ச்சை 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்கி, கண்ணாடிமேல் 18 முதல் 25 டிகிரி வரையுள்ள தண்ணீர்த் துளி ஒன்றை ஒரு நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். உள்பக்கம் பனித்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. சூடாக்குவதற்கு எனக்குத் தனிக் கருவி தேவைப்படவில்லை. மொட்டைமாடி வெயிலில் வெப்பமானியோடு வைத்ததுமே 43-ஐத் தொட்டது. தண்ணீரைக் குளிர்விப்பதுதான் பாடு. பானைத் தண்ணீர்கூட 25-க்கு மேலேயே நின்றது, குளிர்பதனப் பெட்டித் தண்ணீரைக் கலந்து இறக்கினேன். கண்ணாடி தெளிவாகவே இருந்தது. ஆனால் இது உள்ளே ஈரம் இல்லை என்று மட்டும்தான் சொல்லும். அழுத்தத்தைத் தாங்குமா என்பது வேறு சோதனை. அதே விதிப்படி 200 மீட்டர் வாட்ச் 25 பார் (250 மீட்டர் ஆழத்துக்கு ஈடான) அழுத்தத்தில் நிற்க வேண்டும்.

நீந்தும்போது கையை வீசினால் அழுத்தம் பல மடங்கு ஏறும், 200 மீட்டர் வாட்ச்சும் தாங்காது என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் தண்ணீரில் கையை வீசினாலும் கூடும் அழுத்தம் அரை பார், அதாவது ஐந்து மீட்டர் ஆழத்துக்குச் சமம். அந்த வேகத்தில் தண்ணீருக்குள் கை வீசும் மனிதர் யாரும் இல்லை. வாட்ச்சைக் கெடுப்பது பெரும்பாலும் பழைய வாஷரும் சரியாகத் திருகாத குமிழும்தான்.

பின்மூடி வாஷரை வெர்னியரில் அளந்து வைத்திருக்கிறேன். சென்னையில் ஒருவர் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். ஒன்றுக்குப் பதிலாகப் பத்தாக வாங்கினால்தான் அனுப்புவாராம். வாங்கிக்கொள்ளலாம், எப்படியும் தேவைப்படும். அதன் பிறகு ஆறு அட்மாஸ்ஃபியர் வரை போகும் கைப்பம்ப் சோதனைக் கருவி ஒன்று வாங்க எண்ணம். வாட்ச்சைக் காற்றழுத்தத்தில் வைத்து, பின் தண்ணீரில் இறக்கி, அழுத்தத்தைத் தளர்த்தும்போது குமிழி வருகிறதா என்று பார்ப்பது. 25 பார் அளவுக்கு இல்லை என்றாலும், குறுக்குத்துறைப் படித்துறையில் முங்கிக் குளிக்கவும், உவரிக் கடலில் இரண்டு மூன்று ஆள் ஆழத்துக்கு இறங்கவும் அந்த உறுதி தாராளமாகப் போதும். தனி ஒருவனாக வாங்க விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் யாரிடமாவது ஏற்கெனவே இருந்தால் சொல்லுங்கள், வாட்ச்சோடு வந்துவிடுகிறேன். ஈர்க்கு வேண்டுமென்றால் கொண்டுவருகிறேன். அத்தை ஒரு கட்டே கொடுத்திருக்கிறார்.