மூன்று ஸ்பிரிங், நான்கு வாஷர்

2017-ல் அந்த வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. 1983 மாடல் புல்லட் 350. வலது காலில் கியர், இடது காலில் பிரேக், இரும்பு சிலிண்டர். ஒன்பது வருடம் ஒரு மாடிப்படிக்குக் கீழே சும்மா நின்றிருந்தது. அப்பா ஓட்டிய வண்டி, அதனால் விற்க மனமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார் உரிமையாளர். நாற்பது வயதைத் தாண்டியிருப்பார்.

என்ஜின் வேலை ஒரு மாதம் ஓடியது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் நாள் என்ஜின் ஓடத் தொடங்கியபோது பட்டறையே நின்று கேட்டது. அப்புறம்தான் கிளட்ச், அதாவது கியர் மாற்றும்போது என்ஜினைக் கியரிலிருந்து பிரித்துவிடும் பாகம், தன் தொல்லையை ஆரம்பித்தது.

கிளட்சை முழுக்கப் பிடித்து முதல் கியர் போட்டால் 'கடக்' என்று ஒரு சத்தம், வண்டி ஒரு முழம் முன்னே தாவும். நின்ற இடத்தில் நியூட்ரல் விழாது. இந்த வண்டிகளில் குதிகாலால் அழுத்தினால் நேராக நியூட்ரலுக்கு வரும் சின்ன லீவர் ஒன்று தனியாக உண்டு. அதுவும் முரண்டு பிடித்தது. கிளட்ச் முழுதாக விலகவில்லை என்பதற்கு இதற்கு மேல் அடையாளம் வேண்டாம். போதாததற்குக் கைப்பிடி கல் மாதிரி இருந்தது. இரண்டு சிக்னல் தாண்டினால் மணிக்கட்டு வலிக்கும்.

ஒன்பது வருடம் நின்ற வண்டி, எண்ணெய் இறுகி, கிளட்சுக்குள் ஸ்பிரிங்குகள் அழுத்திப் பிடிக்கும் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன். அது சரிதான். கிளட்சைப் பிடித்துக்கொண்டே நாலைந்து தடவை கிக்கரை மிதித்ததும் ஒட்டியவை விட்டன. ஆனால் குறை போகவில்லை.

கேபிளை மாற்றினேன். மாற்றமில்லை. இடது ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் கழற்றி, கீழே தட்டு வைத்து எண்ணெயை வடித்து, என்ஜினையும் கிளட்சையும் இணைக்கும் பிரைமரி செயினின் மூடியைத் திறந்தேன். அந்தப் பெரிய மூடி நடுவில் இருக்கும் ஒரே ஒரு நட்டில் நிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு அது. உராய்வுப் பிளேட்டுகளுக்குப் புதிது போட்டேன். இரும்புப் பிளேட்டுகளைக் கண்ணாடி மேல் வைத்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன், வளைவு இல்லை. ஆனால் நீலம் பாய்ந்திருந்தது. என்றோ ஒரு நாள் கிளட்ச் வழுக்கிச் சூடேறியதன் தடம் அது. அதைக் கண்டும் நான் யோசிக்கவில்லை. கழற்றும்போது செல்போனில் படம் எடுத்திருந்தேன். எது எங்கே இருந்ததோ அதை அங்கேயே மாட்டி மூடினேன். மூன்று நாள் வேலை. மறுபடி அதே 'கடக்'.

மூன்றாம் நாள் சாயங்காலம் எங்கள் மேஸ்திரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வடசென்னைக்காரர். திருவொற்றியூரில் புல்லட் தயாரான காலத்திலிருந்தே அந்த வண்டிகளோடு வாழ்ந்தவர்.

"தம்பி, கிளட்ச் விலகலன்னு சொல்றியே, விலகறத கண்ணால பாத்தியா?"

இல்லை. மூன்று நாளாகப் பொருட்களை மாற்றினேனே தவிர, அதைப் பார்க்கவில்லை.

மூடியை மறுபடி திறந்து அப்படியே வைத்து, நான் கிளட்சைப் பிடிக்க, அவர் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தினார். மற்றப் பிளேட்டுகளை அழுத்தும் வெளிப்பக்க பிரஷர் பிளேட் தள்ளாடிக்கொண்டு சுற்றியது. ஒரு பக்கம் நன்றாகத் தூக்குகிறது, எதிர்ப்பக்கம் அசையவே இல்லை. அந்தப் பக்கத்தில் பிளேட்டுகள் உரசிக்கொண்டே இருந்தால் வண்டி தாவாமல் என்ன செய்யும்?

மூன்று ஸ்பிரிங்குகளையும் கழற்றினோம். இரண்டின் அடியில் ஒவ்வொரு வாஷர், மூன்றாவதன் அடியில் இரண்டு. மேஸ்திரி அந்த நான்கையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இது கம்பெனி போட்டதில்ல. யாரோ ஒருத்தர் கை வேல."

என் செல்போன் படத்தில் அந்த வாஷர்கள் தெளிவாகவே இருந்தன. பழைய வண்டியைப் பிரிக்கும்போது இருந்தபடியே மாட்ட வேண்டும் என்பதை நான் சட்டமாகவே வைத்திருந்தேன். வண்டிக்குள் இருப்பதெல்லாம் வண்டியோடு பிறந்தது என்ற நம்பிக்கை. முப்பது வருடத்தில் எத்தனை கைகள் அதற்குள் போய்வந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே கிடையாது.

வாஷர்களை எடுத்ததும் கைப்பிடி லேசானது, நியூட்ரல் வெண்ணெய் மாதிரி விழுந்தது. அடுத்த நாள் மேம்பாலம் ஏறும்போது மூன்றாம் கியரில் முறுக்கினால் சத்தம் மட்டும் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. இப்போது எதிர்க் குறை, வழுக்கல். வாஷர்களை ஒரே அளவாகத் திரும்பப் போட்டுவிடலாமா என்று எனக்குத் தோன்றியது உண்மை. வெர்னியர் அளவுகோல் வைத்து ஸ்பிரிங்குகளை அளந்தபோதுதான் முழுக்கதையும் விளங்கியது. புது ஸ்பிரிங்கோடு ஒப்பிட்டால் மூன்றுமே குட்டையாகியிருந்தன. தளர்ந்த ஸ்பிரிங்கால் வழுக்கல், வழுக்கலை நிறுத்த ஸ்பிரிங்கை இறுக்கும் வாஷர், வாஷரால் கனம், கனத்தால் கியர் ஷாஃப்ட்டுக்குள் ஓடி பிரஷர் பிளேட்டைத் தள்ளும் புஷ் ராடின் முனை நசுங்கிப் பூத்திருந்தது. அதை வெளியே எடுக்கவே அரை நாள் ஆனது. ராடு நசுங்கி நீளம் குறைந்ததால் பிளேட் விலகும் தூரமும் குறைந்தது.

புது ஸ்பிரிங் மூன்று, புது ராடு. முதலில் கேபிளைத் தளர்த்திவிட்டு, கியர் பாக்ஸ் பக்கமுள்ள திருகில் ராடின் இடைவெளியை வைத்தோம். பிறகுதான் கைப்பிடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆட்டம். இந்த வரிசையை மாற்றினால் கேபிள் பொய் சொல்லும். எண்ணெயும் முக்கியம். இப்போதைய கார் எண்ணெய்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்திருக்கிறது. எண்ணெயில் நனைந்து வேலை செய்யும் கிளட்ச்சுக்கு அது ஆகாது. டப்பாவில் இந்த மாதிரி கிளட்ச்சுக்கு ஏற்றது என்பதற்கான குறியான ஜாஸோ எம்ஏ போட்டிருக்கிறதா என்று பார்த்தே இன்றும் வாங்குகிறேன்.

வண்டியை எடுக்க வந்தவரிடம் வாஷர்களைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏற்காடு," என்றார். அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. அப்பா, அம்மா, தங்கை, அவர், நாலு பேரும் இதே வண்டியில். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி கூட ஏறவில்லை, வண்டி மூச்சு வாங்கி நின்றுவிட்டது. அடிவாரத்துக்கே உருட்டிக்கொண்டு வந்தார்கள். இருட்டும் நேரத்தில் ஒரு மெக்கானிக் எதையோ உள்ளே வைத்து மூடி, "இனிமே வழுக்காது, ஊர் போய்ச் சேருங்க" என்று அனுப்பினாராம். அதோடு ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

அந்த மெக்கானிக்கின் மேல் எனக்கு இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது. கையில் இருந்ததை வைத்து ஒரு குடும்பத்தை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அதற்குப் பிறகு பிளேட் மாற்றியவர்களும் என்னைப் போலவே இருந்ததை இருந்தபடி மாட்டியிருக்கிறார்கள்.

சாவியைக் கொடுக்கும்போது ஒன்று சொன்னேன். "காலைல எடுக்கும்போது ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கிளட்சைப் பிடிச்சுக்கிட்டே நாலு கிக் மிதிங்க சார். ராத்திரி ஒட்டின பிளேட் விட்டுரும்."

"அப்பா தினமும் அப்படித்தான் மிதிப்பார்," என்றார். "சாவி போடாமலே மிதிக்கிறாரேன்னு நாங்க சிரிப்போம்."

கிளட்சைப் பிடித்து நாலு தடவை மிதித்தார். அப்புறம் சாவியைப் போட்டார்.