லேண்ட்ரோவர் பின்கதவு வேல – இலங்கை மலையகம், டிக்கோயா நாட்குறிப்பு

2024 ஜூன் 8, சனி

பின்கதவ இன்னிக்கி கழட்டியாச்சு. நோர்வூட் ரோட்டுல குழியில எறங்கி ஏறுறப்பல்லாம் பின்னால டொக்கு டொக்குனு சத்தம், அது போதாதுனு ஸ்கூல் புள்ளைங்க பின் சீட்டுல உக்காந்தா தலவலிக்கிது அங்கிள்னு ஒரே புகார். சத்தத்தக் கூட விட்டுருவேன், புகைய விட முடியாது. நம்ம வண்டி பெட்டி மாதிரி சதுரமானது, ஓடுறப்ப பின்னால காத்தழுத்தம் குறையும், அதனால சைலன்சர் புகையும் ரோட்டுத் தூசியும் பின்பக்கமாவே சுத்தும், கதவுல ஒரு விரல் போற சந்து இருந்தாப் போதும் எல்லாம் உள்ளதான்.

வண்டி லேண்ட்ரோவர் 110, பழைய காலத்து ஸ்ரீ எழுத்து போட்ட நம்பர் பிளேட்டு, ஒரு தோட்டத்துல துரைமாருக்கு ஓடி, கைமாறிக் கைமாறி எங்கிட்ட வந்தது. இஞ்சின் கல்லு. பாடி தகரம் அலுமினியம்ங்கிறதால துருவே பிடிக்காதுனு வித்தவரு சொன்னாரு, விக்கிறவங்க அப்படித்தான் சொல்லுவாங்க.

ஸ்பெயார் வீலு பின்கதவுலயே தொங்குது. 7.50-16 டயரு, இரும்பு ரிம்மோட முப்பது கிலோவுக்கு மேல வரும். அத மொதல்ல கழட்டினேன், கழட்டின ஒடனே கதவு தானா ரெண்டு நூல் மேல ஏறுச்சு, இவ்வளவு நாளா தூக்கிப் புடிச்சு அடிச்சு மூடின லொக்கு நேரா போய் கிளிக்னு விழுது! பாதிக் கதை அங்கயே தெரிஞ்சு போச்சு. கீல் மூணு, நடுக் கீலோட போல்ட்டு மட்டும் வர மாட்டேன்னு அடம், சூடு காட்டித்தான் எடுத்தோம்.

ஜூன் 9, ஞாயிறு

கதவ மேசையில குப்புறப் போட்டு அலுமினியத் தகட்டோட ஓர மடிப்ப மெல்ல மெல்லத் தொறந்தோம். நம்ம பாஸ், அதாவது வேல செய்யிற மேஸ்திரி, தேயில ஸ்டோர்ல (ஃபாக்டரியில) ஃபிட்டரா இருந்து பென்ஷன் வாங்கின ஆளு, கை அவசரமே படாது. மடிப்பு தொறக்கத் தொறக்க வெள்ளப் பொடி கொட்டுது, சுண்ணாம்பு கணக்கா, அதுக்கு அடியில இருந்த இரும்பு ஃப்ரேம் கீழ்க்கம்பி மொத்தமா ஏடு ஏடா கையோட வருது. வீலு தாங்கி போல்ட் போட்ட எடத்துல ஃப்ரேம் குறுக்கால விரிசலு, அதுக்கு மேல யாரோ புட்டி அப்பி பெயிண்ட் அடிச்சு ஏமாத்தி வச்சிருக்கான். புட்டிங்கிறது கண்ணுக்கு வைத்தியம், அவ்வளவுதான்.

"இது வயசாகி உக்கினது இல்ல தம்பி, ரெண்டு உலோகத்துக்கும் நடுவுல தண்ணி நின்னு உக்கினது"னாரு பாஸ். லேண்ட்ரோவர்ங்கிறது மொதல்ல வந்தது 1948ல, அப்ப யுத்தம் முடிஞ்சு இங்கிலாந்துல இரும்புத் தகட்டுக்குப் பெரிய தட்டுப்பாடு, அதனால அலுமினியத்துல பாடி அடிச்சாங்க, ஆனா உள்ளுக்கு பலத்துக்கு இரும்புதான். இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கிட்டு இருக்க எடத்துல மழத்தண்ணி நின்னா அது ஒரு சின்ன பேட்டரிதான், மொதல்ல அலுமினியம் கரைஞ்சு பொடியாகும், பெயிண்ட் போன இரும்பும் துருவேறி ஊதி மடிப்பப் பிளக்கும், பிளந்த எடத்துல இன்னும் தண்ணி. கீழ தண்ணி வடியிறதுக்குனு ஓட்ட இருக்கு, எல்லாத்துலயும் சேறு காஞ்சு அடச்சுக் கிடக்கு. நம்ம பக்கம் மே மாசம் தொடங்குற மழ செப்டம்பர் வரைக்கும் விடாது, அடச்ச கதவு எப்படித் தாங்கும் சொல்லுங்க.

ஜூன் 15, சனி

புதுக் கதவு வாங்கலாமானு மச்சான கொழும்பு பஞ்சிகாவத்தையில, ஸ்பெயார் பார்ட்ஸ் கடைங்க இருக்க எடத்துல, விசாரிக்கச் சொன்னேன். விலையக் கேட்டுட்டு போன வச்சுட்டேன். 2020 மார்ச்சுல வாகன இறக்குமதிய நிறுத்தினதுல இருந்து பழைய வண்டிக்கெல்லாம் வந்த மவுசு இருக்கே, அதோட ஸ்பெயார் பார்ட்ஸ் விலையும் சேந்து ஏறிருச்சு. அவன் பாத்த பழைய கதவுலயும் கீழ்மடிப்பு ஊதித்தான் இருந்துச்சாம், காசு குடுத்து இதே நோய வாங்கணுமா? கீல் புஷ்ஷும் கதவு ரப்பரும் மட்டும் எடுத்துட்டு வரச் சொல்லிட்டேன்.

ஜூன் 21, வெள்ளி, பொசன் போயா

பௌர்ணமி லீவு, ஊரெல்லாம் தன்சல் (சும்மா சாப்பாடு குடுக்கிற பந்தல்), புள்ளைங்க ஹட்டன் டவுனுக்குப் போயிருச்சுங்க. போயாங்கிறதால ஒயின் ஸ்டோர் பூட்டு, பாஸ் காலையிலயே ரொம்பத் தெளிவா வந்து நின்னாரு.

ஃப்ரேம் வேல முடிஞ்சது. உக்கின கீழ்க்கம்பிய வெட்டி எறிஞ்சிட்டு அளவுக்கு ஏத்த பாக்ஸ் பார் வச்சோம். இதுல பாஸ் செஞ்ச ஒரு காரியம் எனக்குப் புடிச்சது, ஃப்ரேம மேசையில வச்சு ஒட்டல, வெறும் ஃப்ரேம வண்டியிலயே கீல்ல மாட்டி, லொக்கையும் பூட்டி, நாலு பக்கமும் சந்து சமமா வருதானு அட்டத் துண்டு சொருகிப் பாத்துட்டு அங்கயே பொட்டுப் பொட்டா வெல்டிங் வச்சாரு. பொறவு எறக்கி முழுசா ஒட்டுறப்பவும் ஒரே பக்கமா இழுக்கல, இந்த மூலையில கொஞ்சம், எதிர் மூலையில கொஞ்சம், இல்லாட்டி சூட்டுல முறுக்கிக்குமாம். மேசையில சதுரமா செஞ்ச கதவு வண்டியில சதுரமா இருக்காது, ஏன்னா இவ்வளவு வருசம் ஓடின வண்டியே சதுரமா இல்லையே.

ஜூன் 22, சனி

தகட்ட திரும்ப மடிக்கணும். பழைய அலுமினியம் ஒரு தடவ மடிச்சு நிமித்தினா வெறச்சுப் போயிரும், அப்படியே மறுபடி அடிச்சா மடிப்புல கீறும். அதுக்கு வழி சவுக்காரம், அதான் சோப்பு. மடிக்கிற ஓரம் பூரா கட்டிச் சவுக்காரத்தத் தேச்சு, பின்பக்கமா கேஸ் நெருப்பு காட்டிக்கிட்டே போனாரு, சவுக்காரம் மொதல்ல பழுப்பாகி பொறவு கருகுது, கருகின ஒடனே நெருப்ப எடுத்துரணும். அலுமினியம் சூடேறினா இரும்பு மாதிரி செவக்காது, எந்த நிறமும் காட்டாம இருந்துட்டு திடுதிப்புனு உருகி ஒழுகிரும், அதனால சவுக்காரந்தான் கண்ணு. ஆறினதுக்குப் பொறவு மரச் சுத்தியலால தட்டத் தட்ட தகடு சொன்ன பேச்சு கேக்குது. எங்க வீட்டுக்காரி அவ சவுக்காரத்தத் தேடிக்கிட்டு வந்து இதப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம போயிட்டா.

மடிக்க முன்ன ஃப்ரேமுக்கு எபொக்சி பிரைமர் ரெண்டு கோட், இரும்பும் அலுமினியமும் படுற எடமெல்லாம் சீலன்ட், போல்ட்டுக்கெல்லாம் நைலோன் வாஷரும் கிரீஸும். இரும்பும் அலுமினியமும் நேரா தொடக்கூடாது, அவ்வளவுதான் விசயம். வடிகால் ஓட்டயெல்லாம் தொறந்து, ஒரு ட்ரில் பிட் பெருசாவே விட்டாச்சு.

ஜூன் 30, ஞாயிறு

வீலு எங்க போறதுங்கிறதுல சண்ட. பொனட் மேல வைக்கலாம்ங்கிறாரு பாஸ், பழைய சீரிஸ் வண்டிங்களுக்கு அப்படித்தான் இருக்கும், செலவும் கம்மி. எனக்கு ஒத்துவரல. நம்ம ரோட்டுல பனிமூட்டத்துல ஹேர்பின் வளைவு திரும்புறப்ப முன்னால இருக்கிறதே தெரியாது, அதுல கண்ணுக்கு நேரா ஒரு டயர வேற வச்சுக்கணுமா. கடைசியா வீலத் தாங்க கை மாதிரி தனி ஆம் (arm) செஞ்சோம், பின் கிராஸ்மெம்பர்ல, அதாவது சேசியோட பின்பக்கக் குறுக்குச் சட்டத்துல, ஒரு தடிச்ச பின்னு, அதுல சுத்துற பைப்பு, வீலோட பாரம் முழுக்க சேசிலதான். அதுக்கு முன்ன கிராஸ்மெம்பர சுத்தியலால வரிசையா தட்டிப் பாத்தோம், நல்ல இரும்பு டங்குனு பேசும், உக்கினது பொத்துனு மழுங்கும், நல்ல வேள எல்லாம் டங்குதான்.

இப்ப கதவத் தொறக்கணும்னா மொதல்ல ஆம தள்ளணும், ரெண்டு வேல. மரக்கறி மூட்ட ஏத்துற பையனுக்கு இது புடிக்கல. அவனுக்குப் புடிக்கணும்னு கதவ மறுபடி உடைக்க முடியுமா?

ஜூலை 7, ஞாயிறு

பெயிண்ட் ஒரு வாரம் இழுத்துருச்சு. இந்த ஈரத்துல அடிச்சா மேல வெள்ளையா பூத்துரும், மங்கிப் போயிரும், அதனால கராஜ் வாசலுக்கு படங்கு கட்டி உள்ள ஹலஜன் லைட் ரெண்டு போட்டு, மழ விட்ட நேரம் பாத்து அடிச்சோம், நடுவுல கரண்ட் வேற போச்சு. நிறம் மத்த பாடியோட முழுசா சேரல, பக்கத்துல நின்னு பாத்தா தெரியும், பரவாயில்ல.

கதவ மாட்டி ரப்பர் போட்டு, ஒரு கடதாசித் துண்ட சந்துல வச்சு மூடி இழுத்துப் பாத்தேன், சுத்தி எல்லா எடத்துலயும் இறுக்கமாப் புடிக்குது, கீழ் மூலையில மட்டும் கொஞ்சம் இளக்கம், லொக்கு போய் விழுற ஸ்ட்ரைக்கர ஒரு சுத்து உள்ள தள்ளினதும் சரி. பொகவந்தலாவ போய் வந்தோம், டொக்கு சத்தம் இல்ல, புகை வாட இல்ல. ஆம்தான் குழியில லேசா கிலுங்குது, அதுக்கு பழைய டயர் ரப்பர்ல ஒரு புஷ் வெட்டித் தரேன்னிருக்காரு பாஸ். வண்டிய கழுவுறப்ப டிரைவர் பக்கக் கதவோட கீழ்மடிப்புலயும் வெள்ளப் பொடி கண்ணுல பட்டுச்சு, கட்டிச் சவுக்காரம் ரெண்டு சேத்து வாங்கி வச்சிருக்கேன்.